போர்த்துக்கலுக்கு நான் நேர்த்திக்குப் போகவில்லை

பாத்திமா மாதாவுக்கு நேர்த்தி வைத்துப் போர்த்துக்கல் போகிறேன் என்று சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் கோயிலுக்கு மட்டும்தான் போவாள் என்ற நினைப்பு.

கோவிட் கட்டுப்பாடுகள் நீங்கி, அங்கே மறுபடி பயணிகளை விடுகிறார்கள். இங்கே குளிர்காலமாக இருக்கும்போது, அவர்களுடைய கோடையில், நான் தனியாக லிஸ்பன் பார்க்கப் போகிறேன்.

இன்று ஸ்பிரிங்வேல் மரக்கறிக் கடையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி மறித்தாள்.

"அன்ரி, மாதாவிட்ட எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவீங்களோ?"

"நான் கோயிலுக்குப் போகேல்ல, பிள்ளை. நாங்கள் சமைக்கிற குசினி, இருக்கிற கதிரை எல்லாம் போர்த்துக்கீசர் விட்டிட்டுப் போன சொல்லுத்தானே. இப்பவும் அப்பிடித்தான் சொல்லுகினமோ எண்டு கேக்கப் போறன்."

"அதுக்கு இவ்வளவு தூரம் தனியாவோ? மகன் விட்டவரோ?"

"டிக்கெட் எடுத்தாப் பிறகுதான் அவனுக்குச் சொன்னனான்."

சிரித்தாள். பிறகு கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மகளுக்கு அடுத்த மாதம் இருதய ஒப்பரேஷன், அன்ரி. நாங்கள் சைவம். அங்க போற ஆக்கள் வேற ஆரையும் எனக்குத் தெரியாது."

நான் மரக்கறிக்குக் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கட்டுப்பாடு நீங்கிய பிறகு போய்வந்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லிஸ்பனிலிருந்து பாத்திமாவுக்குக் காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்பலாமா? தொலைபேசியில் அழைக்க வேண்டாம். இங்கே கீழே எழுதுங்கள்.