கண்ணாடி டம்ளரில் ஒரு தக்காளித் தண்டு

தக்காளிச் செடியைத் தொட்ட கைக்கு ஒரு வாசனை உண்டு. பழத்தின் வாசனை இல்லை, இலையின் வாசனை. கசப்பும் காரமுமாக மூக்கில் ஏறும், விரல் நுனியில் பச்சைக் கறையாக ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டுக் கழுவினால் தண்ணீர் மஞ்சளாக ஓடும். பூந்தமல்லி பக்கம் நூம்பலில் எங்கள் கழனியில் தக்காளி போட்டிருந்த அந்தப் பருவம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டை நான் அந்தக் கையால்தான் சாப்பிட்டேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

ஒன்றாக இருந்த கழனி அந்த வருஷம்தான் அப்பாவுக்கும் அவர் தம்பிக்கும், அதாவது என் சித்தப்பாவுக்கும், பாகம் பிரிந்திருந்தது. கிணறு மட்டும் பொது. அது எங்கள் பக்கத்து மேட்டில் இருந்ததால், தண்ணீர் எங்கள் பாத்திகளுக்குள் ஓடிய பிறகுதான் மடை தாண்டிச் சித்தப்பாவின் பள்ளத்துக்குப் போகும். அவரும் தக்காளிதான் போட்டிருந்தார். இதுவும் கைகொடுக்காவிட்டால் கழனியை "பிளாட்டு" போடக் கேட்பவர்களிடம் கொடுத்துவிட்டுத் திருமழிசையில் ஏதாவது கம்பெனிக்குப் போய்விடுவேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாசி மாதம், பூவும் பிஞ்சுமாக நின்ற எங்கள் செடிகள் சில உச்சிவெயிலில் துவள ஆரம்பித்தன. சாயங்காலம் நிமிர்ந்துகொண்டதால் தண்ணீர் போதவில்லை என்றுதான் அம்மா நினைத்தாள். மூன்றாம் நாள் நிமிரவில்லை. இலையில் புள்ளி இல்லை, சுருட்டல் இல்லை, மஞ்சள்கூட இல்லை, பச்சையாகவே செத்திருந்தன. அப்பா ஒரு செடியை வேரோடு பிடுங்கித் தண்டைக் கீறினார், உள்ளே பழுப்பாக இருந்தது. பூந்தமல்லி பூச்சிமருந்துக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று அவருக்குத் தெரியும். "பாப்பா, கண்ணாடி டம்ளர்ல நல்ல தண்ணி எட்த்துகினு வா" என்றார்.

எங்கள் வீட்டில் எல்லாமே எவர்சில்வர். கண்ணாடி டம்ளர் ஒன்றே ஒன்று, விருந்தாளிகளுக்காக அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். நான் கொண்டுபோன தண்ணீரில் அப்பா தண்டின் வெட்டுவாய் நனையும்படி பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து வெள்ளையாக, நூல்போல ஒன்று கீழே இறங்கியது. பிறகு தண்ணீர் முழுவதும் அரிசி களைந்த நீராகக் கலங்கியது. "பாக்டீரியா வாடல்" என்று கடைக்காரரின் சொல்லை அப்படியே சொன்னார். அதற்கு மருந்து கிடையாது. நோய் கண்ட செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும், குழியில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பாத்தியில் ஓடிய தண்ணீரை அடுத்த கழனிக்கு விடக் கூடாது. சித்தப்பாவின் பக்கம் அதுவரை ஒரு செடியும் துவளவில்லை. அப்பா மடையை அடைத்தார், டம்ளரைத் தண்டோடு கொண்டுவந்து ஜன்னல் ஓரம் வைத்தார். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. எதையும் சொல்லிச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

தண்ணீர் வரவில்லையே என்று கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவே வந்தார். பாகம் பிரிந்ததிலிருந்து அவருக்கு அம்மா கண்ணாடி டம்ளரில்தான் டீ கொடுப்பாள்; அதுவரை எங்களோடு எவர்சில்வரில் குடித்தவர். அந்த மரியாதை அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரியும், ஆனாலும் வாங்கிக் குடிப்பார். அம்மா டீ கொடுக்கச் சொன்னதும், நான் ஜன்னலில் இருந்த கலங்கல் தண்ணீரைக் கொட்டி, தண்டை எறிந்து, டம்ளரைப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, டீயை ஊற்றிக் கொடுத்தேன்.

"செடிக்கு வாடல் வந்துகீது. தண்ணில பரவும். பத்து நாள் பொறுத்துக்கோ" என்றார் அப்பா.

"பூ எடுக்கற நேரத்துல பத்து நாள் தண்ணி உடலன்னா இன்னாத்துக்குண்ணா ஆவும் செடி?"

"நம்பலன்னா இத்தப் பாரு" என்று ஜன்னல் பக்கம் கையை நீட்டிய அப்பா, காலி இடத்தைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் கையைப் பார்த்தார். டம்ளரில் பாதி டீ இருந்தது.

"எத்தப் பாக்கச் சொல்ற?" என்றார் சித்தப்பா. "கழனியப் பிரிச்சாச்சு, இப்ப தண்ணியயும் பிரிக்கிறியாண்ணா?"

இன்னொரு தண்டை அறுத்திருக்கலாம். கழனியில் செத்த செடிக்கா பஞ்சம்? ஆனால் அப்பாவின் முகம் அப்படியே அடைத்துக்கொண்டது. "கூடப் பொறந்தவன் சொன்னா போதாது உனுக்கு" என்று எழுந்தார். நேரே போய்த் தன் கையாலேயே மடையைத் திறந்துவிட்டு "எட்த்துக்கோ" என்றார். எது போகிறது என்று தெரிந்தே திறந்தார். வாசலில் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் சித்தப்பாவின் கழனி பச்சையாகவே படுத்துவிட்டது. வரப்பில் நின்று அவர் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தெர்ஞ்சிகினே தான உட்ட?" அப்பா "ஆமா" என்றார். அதோடு பேச்சு நின்றது. அடுத்த தை வருவதற்குள் சித்தப்பாவின் பாகத்தில் பிளாட்டுக் கல் நட்டுவிட்டார்கள். டம்ளரைக் கழுவியதைப் பற்றி என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அழுகை வந்ததாகவோ பயந்ததாகவோ நினைவில்லை. மரத்துப்போயிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அது இன்றுவரை முழுதாக விட்டபாடில்லை.

இப்போது அங்கே கழனியும் இல்லை, கிணறும் இல்லை; குறுக்குத் தெருக்களும் கார் நிறுத்துமிடமும் இருக்கின்றன. அப்பா போய் நான்கு வருஷமாகிறது. சித்தப்பா வந்து உடலுக்கு மாலை போட்டார், யாரிடமும் பேசாமல் போய்விட்டார். போன மாதம் திடீரென்று எனக்குப் போன் செய்தார். மொட்டை மாடியில் தொட்டியில் இரண்டு தக்காளி வைத்திருக்கிறாராம், மத்தியானத்தில் துவளுகிறதாம். ஒரு கிளையை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள், வெள்ளையாக நூல் இறங்கினால் நோய், இல்லாவிட்டால் தண்ணீர்தான் போதவில்லை என்றேன். கால் மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். தண்ணீர் தெளிவாகவே இருந்ததாம்.

"இது உங்க அப்பனுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சித்தப்பா. அன்னிக்கே பண்ணிப் பாத்தாரு. உங்களுக்குக் காட்டத்தான் எட்த்து வச்சிருந்தாரு. நான்தான் தெரியாம கழுவி உங்களுக்கு டீ ஊத்திக் குடுத்துட்டேன்."



"இத்த அவன் இருக்கும்போது சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.