இலைக்குப் பின்னாடி ஒரு வீடு

காத்துல நெட் அனுப்புறதுதான் எங்க தொழில்; காத்து ஃப்ரீதான், நடுவுல நிக்கிற மரத்துக்குத்தான் பதில் சொல்லணும். இன்ஜினியரிங்கை பாதியில விட்டுட்டு தாம்பரத்துல தில்லி அண்ணன்கிட்ட வேலைக்கு சேந்தேன். அங்க அரியர், இங்க மரம். உங்க வூட்லயும் ரவுட்டர்ல செவப்பு லைட்டு எரியுதா? வாங்க, ஒண்ணா உக்காந்து அழுவலாம்.

மொட்டை மரம்

காட்டாங்குளத்தூர் தாண்டி, கேபிள் எட்டாத ஒரு ஊரு. அங்க ஸ்டெல்லா அக்கா, கணக்கு டீச்சர். ஸ்கூல் வேலை போயிடுச்சு. ஆன்லைன்ல பாடம் எடுக்க ஒரு கம்பெனியில கடைசியா ஒரு டெமோ கிளாஸ் மட்டும் பாக்கி. நடுவுல நெட் கட்டாச்சுன்னா வேலை கெடையாது.

எங்க டவர்ல இருந்து நெட்டை வாங்குற டிஷ்ஷை தில்லி அண்ணன் மாசியில அக்கா வூட்டுல மாட்டினப்போ, குறுக்க நின்ன தூங்குமூஞ்சி மரம் இலையெல்லாம் கொட்டி எலும்புக்கூடா நின்னுச்சு. சிக்னல் பிச்சிக்கினு வந்துச்சு. சித்திரையில மரம் துளிர்த்துச்சு, சிக்னல் செத்துச்சு. மறுநாள் காலைல டெமோ. போன்ல அக்கா கத்தவே இல்ல, கிளாஸ்ல கணக்கு கேக்குற மாதிரி நிதானமா கேட்டாங்க. "ஏன் தம்பி, மரம்னா இலை வரும்னு உங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதா?"

எந்த டிஷ்?

மாசியில மாட்டினது அஞ்சு கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை டிஷ்; வேகமானது, ஆனா இலையில இருக்குற ஈரமே அதைக் குடிச்சிடும். ரெண்டு புள்ளி நாலு கொஞ்சம் இலையைத் தாண்டும். அதையே மாட்டினோம். சிக்னல் ஃபுல்லு, நெட்டு நகரல. டவர் பக்கத்துல இருக்குற காலேஜ் ஹாஸ்டல் வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில கத்திகினு இருக்கு. டிஷ் மாட்டின பைப்பைப் புடிச்சிக்கினே தில்லி அண்ணன் தலையில அடிச்சிக்கிட்டாரு. "மச்சான், இந்த இரைச்சல்ல நம்ம நெட்டு இன்னான்னு காதுல வுழும்?"

எதிர் வூட்டு மாடி

மரத்தைத் துளைக்க முடியல, சுத்திக்கினு போலாம். எதிர் வூட்டு ராமலிங்கம் சார் மாடியில இருந்து பாத்தா டவரும் தெரியும், அக்கா வூடும் தெரியும். அங்க ஒரு டிஷ்ஷுல வாங்கி இன்னொண்ணுல தள்ளணும். சிக்கல் இன்னான்னா, மரமே சாரோடது. காய் வுழுந்து தண்ணித் தொட்டி நாறுது, வெட்டுங்கன்னு அக்கா சொன்னதுல இருந்து ரெண்டு வூடும் பேசறதில்ல.

"என் மரத்தை வெட்டச் சொன்னவங்களுக்கு என் மாடி வேணுமா?"ன்னு கதவைச் சாத்தப் போனாரு. காலை வெச்சு தடுத்துட்டேன். "சார், மரத்தை வெட்டாம இருக்கத்தான் உங்க மாடியைக் கேக்குறேன்." மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பாத்தாரு. அப்புறம் மாடி சாவியை எடுத்தாரு. "மாட்டிக்கோ. துணிக்கொடி மேல கை பட்டுச்சு, டிஷ்ஷைக் கழட்டி ரோட்டுல வீசிடுவேன்."

டெமோ

ராத்திரியே மாட்டி முடிச்சோம்; காலைல அக்கா கிளாஸ் ஆரம்பிச்சாங்க, நான் சார் வூட்டுல காவலுக்கு உக்காந்தேன். பாதியில கரண்ட் போச்சு. அக்கா லேப்டாப் பேட்டரியில, ரவுட்டர் அவங்க இன்வர்ட்டர்ல, டவருக்கும் பேட்டரி கீது. மாடி டிஷ் ரெண்டும் சாரோட இன்வர்ட்டர்ல. அது கிழட்டு பேட்டரி, 'கீ'ன்னு கத்த ஆரம்பிச்சுடுச்சு. டிவியில கிரிக்கெட் பாத்துக்கினு இருந்த சார் என் மூஞ்சியைப் பாத்தாரு. டிவியை அணைச்சாரு. ஃபேனை அணைச்சாரு. அந்த வேக்காட்டுல ரெண்டு பேரும் வேர்த்து ஊத்தி, மூச்சு வுடாம உக்காந்திருந்தோம்.

கரண்ட் வர்றதுக்கு முன்னாடி அக்கா வந்துட்டாங்க. கேட்டுக்கு வெளியவே நின்னாங்க; இன்வர்ட்டர் கத்துறதைக் கேட்டு, ஜன்னல் வழியா சுத்தாத ஃபேனைப் பாத்து, கண்ணு கலங்கிட்டாங்க. "சார், ஃபேன் போட்டுக்கோங்க. எனக்கு வேலை கெடச்சிடுச்சு."

மரத்தைத் தாண்ட எந்த டிஷ் நல்லதுன்னு இப்ப யாராவது கேட்டா, எதிர் வூட்டுக்காரர் எப்படின்னுதான் மொதல்ல விசாரிக்கிறேன்.