காற்று குடிக்கும் பெட்ரோல்

"எல்லாரும் பிக்கப்போட பின்கதவ இறக்கி விட்டுட்டுத்தானே ஓட்டறாங்க, மிஸ் ஒலீட்டா? நீங்க மட்டும் ஏன் சாத்தியே வெச்சிருக்கீங்க?" என்று மாரிசெலா ஒருநாள் கேட்டுவிட்டாள். கூட்டுறவுப் பெட்ரோல் பம்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் வாடிக்கையாளர் ஒருவரிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள். இரண்டு மொழியிலும் அளந்துதான் பேசுவாள்.

ஒலீட்டா ஸ்டப்பில்ஃபீல்ட் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காது பம்பின் குழாயில் இருந்தது. தொட்டி நிரம்பி 'டக்' என்று முதல் சொடுக்குக் கேட்டதும் குழாயை உருவி மாட்டினார். அதற்கு மேல் ஒரு சொட்டு விடமாட்டார்.

"எல்லாரும்னா யாரு?"

"மிஸ்டர் டாயல், அப்புறம் இங்க வர்ற எல்லாரும். காத்து உள்ள பூந்து நேரா வெளிய போயிடுமாம். பெட்ரோல் மிச்சமாம்."

"பின்னால தொட்டிக்குள்ள எட்டிப் பாரு. என்ன கெடக்கு?"

"காப்பிக் கப்பு."

"போன வாரம் நான் குடிச்சுட்டுப் போட்டது. அன்னியிலேருந்து ஊரெல்லாம் சுத்தியாச்சு. பறந்துச்சா? கதவு மூடியிருந்தா, உள்ள விழுந்த காத்து தலகாணி மாதிரி படுத்துக்கும். மேல வர்ற காத்து அதுமேல வழுக்கிட்டுப் போயிடும். கதவத் தெறந்தா தலகாணியும் போச்சு, கப்பும் போச்சு."

"இத அவங்ககிட்ட சொல்லலாமே?"

"நாப்பது வருஷமா தொண்ட கிழியக் கத்தறேன், கண்ணு. டெக்சஸ்காரனுக்குக் கடவுள் ரெண்டு காது குடுத்தாரு. ரெண்டையும் தொப்பி மூடிருச்சு."

அறுபத்தெட்டு வயது. பனைமரம் போல் நெடிய உருவம், வைக்கோல் தொப்பி, கன்னத்தில் அடக்கிய சூரியகாந்தி விதை. அடக்கம் என்கிற குணத்தை மட்டும் எங்கோ வழியில் இறக்கிவிட்டுவிட்டார். காலை வணக்கம் சொல்வதற்குப் பதில் "பதினெட்டு!" என்பார். கேலனுக்குப் பதினெட்டு மைல் என்று அர்த்தம். எட்டு சிலிண்டர் போட்ட பெரிய பழைய பிக்கப்புக்கு அது நடக்காத காரியம் என்பது தினமும் காலையில் கூட்டுறவில் கூடும் காப்பி மேசைக்காரர்களின் தீர்ப்பு. "குடுக்கும் குடுக்கும், இன்னொரு வண்டில கட்டி இழுத்தா!" என்று யாராவது சொல்வார்கள். மேசை குலுங்கும்.

பிரேக்கைத் தொடுவது அவருக்குப் பாவம். "பிரேக் மிதிக்கறவன் காசு குடுத்து வாங்கினத ரோட்டுல கொட்றவன்" என்பார். கடைத்தெருவில் இருக்கும் 'நில்' பலகைக்காக பாப்டிஸ்ட் தேவாலயத்தருகிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வண்டி தேரைப்போல் அசைந்து வந்து, தானாகச் சோர்ந்து, கோட்டருகே நிற்கும். பின்னால் பாதி ஊர் நிற்கும். ஆராதனைக்குத் தாமதமாக வருகிறவர்கள் "ஒலீட்டா முன்னால போனாங்க" என்றால் போதகரே தலையாட்டிவிடுவார். வண்டியில் வேண்டாத சுமை ஒரு திருகாணிகூட இருக்காது. கூடவே வரும் நாய்க்கு மட்டும் விலக்கு. "அவன் சுமை இல்ல, ஆளு."

கிளம்புமுன் கொடிக்கம்பத்தைப் பார்ப்பார். எதிர்க்காற்று பலமாக இருந்தால் பல் வைத்தியரைக்கூட மறுநாளைக்குத் தள்ளிவைப்பார். "பெட்ரோல எஞ்சின் குடிக்கல. காத்துதான் குடிக்குது."

அவருடைய தம்பி டாயல் அப்படியல்ல. ஏணி வைத்து ஏறும் உயரத்தில் புதுப் பிக்கப், சேற்றில் உழும் அகலச் சக்கரங்கள், கூரைமேல் விளக்கு வரிசை. மைலேஜ் கேட்டால் முகப்புத் திரையைத் தட்டிக் காட்டுவார்: பத்தொன்பது. அக்காவும் தம்பியும் ஒரே பண்ணையில் இருப்பவர்கள். பழைய வண்டியோ இருவர் பெயரிலும் இருந்தது. ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு குடிகார வண்டிகள் என்று சொல்லி, சனிக்கிழமை ஏலத்துக்காக அதன் முன்கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் 'விற்பனைக்கு' என்று எழுதிவிட்டார்.

"எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன், அக்கா" என்றார் பம்பருகே, பெரிய மனதோடு.

பண்ணையிலிருந்து ஊருக்குப் பன்னிரண்டு மைல். பேருந்து என்பதே கிடையாது. அங்கே சொந்த வண்டி இல்லாதவர் வீட்டுச் சாமான் மாதிரி. யாராவது தூக்கி வைத்தால்தான் இடம் மாறலாம். எப்போதும் கத்துகிற ஒலீட்டா அன்று தணிந்த குரலில் பேசியது மாரிசெலாவைப் பயமுறுத்தியது.

"குடிகாரி யாருன்னு பாத்துருவோம்டா. ரெண்டு பேரும் இதே பம்புல நிரப்புவோம். பக்கத்து ஜில்லா தானியக் கோபுரம் வரைக்கும் போகவர நூறு மைலு, வந்து மறுபடி இதே பம்பு. முதல் சொடுக்குதான் கணக்கு. என்னது அதிகம் குடிச்சா நானே ஏலத்துக்கு ஓட்டிட்டு வரேன்."

"போனதுக்குச் சாட்சி?"

"கோபுரத்தடி கடையில ஆளுக்கொரு டோனட்."

வெள்ளிக்கிழமை காலை வடக்கிலிருந்து காற்று வீசியது. கொடி விறைத்து நின்றது. போக வேண்டியதும் வடக்கேதான். காப்பி மேசை முழுவதும் வெளியே வந்துவிட்டது. டாயல் தன் பின்கதவைச் சடாரென்று இறக்கிவிட, ஆட்கள் கை தட்டினார்கள். மாரிசெலா ஒலீட்டாவைப் பார்த்தாள். நாற்பது வருடம் கத்திய வாய், ஒரு பிடி சூரியகாந்தி விதையைப் போட்டு இறுக மூடிக்கொண்டது.

டாயல் புழுதி கிளப்பிப் பறந்தார். ஒலீட்டா ஆமையாய்க் கிளம்பினார். எதிர்க்காற்றில் டிராக்டர்கூட அவரை முந்தியது என்று யாரோ தொலைபேசியில் சொல்ல, ஒரே சிரிப்பு.

டாயல் உதட்டில் சர்க்கரைப்பொடியோடு முதலில் திரும்பினார். முகப்புத் திரை பதினேழு என்றது; அப்படியானால் ஆறு கேலன்தான் பிடிக்க வேண்டும். பம்பு ஏழு கேலனைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. ஏழரையும் தாண்டிய பிறகே சொடுக்கியது. "பம்புல ஏதோ கோளாறு" என்றார். ஆட்கள் தங்கள் வண்டிகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவற்றிலும் இதே மாதிரித் திரைதான் இருந்தது.

வெகுநேரம் கழித்து, முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு, தேவாலயத்தருகிலேயே ஒலீட்டா காலை எடுத்துவிட, வண்டி ஊர்ந்து வந்து பம்பருகே தானாக நின்றது. பிரேக் விளக்கு எரியவில்லை. மாரிசெலா குழாயைச் செருகினாள். ஐந்து. ஐந்தரை. டக்.

"இன்னும் புடிக்கும்! அழுத்தி விடு!" என்று டாயல் பாய்ந்து வந்தார்.

மாரிசெலா குழாயை உருவி மாட்டினாள். "முதல் சொடுக்குதான் கணக்கு, மிஸ்டர் டாயல்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

"பதினெட்டு!" என்று ஒலீட்டா போட்ட கூச்சலில் கூட்டுறவுக் கட்டடத்தின் புறாக்கள் எழுந்தன. கேலி செய்த ஆட்களே அவருடைய வண்டியின் பானெட்டைப் பறையடிப்பதுபோல் தட்டினார்கள். அவர் சாட்சிக்கு வாங்கி வந்த டோனட்டை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார். டாயல் அதைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு போய்த் தன் பின்கதவைத் தூக்கிச் சாத்தினார்.

"நாப்பது வருஷம்டா!" என்றார் ஒலீட்டா.

பம்பருகே இருந்த ஈரத் துடைப்பானை எடுத்து முன்கண்ணாடியைத் தேய்த்தார். 'விற்பனைக்கு' பால்போல் கரைந்து வழிந்தது. பின்பக்கம் காப்பிக் கப்பு அப்படியே கிடந்தது. சாவியை எடுத்து மாரிசெலாவிடம் நீட்டினார்.

"இத்தன வருஷமா உள்ளயே உக்காந்துட்டேன், கண்ணு. இது ஓடறத நான் வெளிய நின்னு பாத்ததே இல்ல. அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வா" என்றவர், சாலையோரம் போய் நின்று தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "என்னைத் தாண்டும்போது மட்டும் ஆக்ஸிலேட்டர நல்லா மிதி. இன்னிக்கு அது எவ்வளவு வேணும்னாலும் குடிக்கட்டும்."