நான் இருந்தால் மட்டும் ஓடும் ரவுட்டர்

"அந்த ரவுட்டர கழட்டிக்கினு வாங்க. வேஸ்ட்டுன்னு எழுதி கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடலாம்" என்றார் எங்கள் விழுப்புரம் பிராட்பேண்ட் ஆபீஸ் மேனேஜர். எட்டு ஆண்டெனா வைத்த கேமிங் ரவுட்டர் அது. வாங்கி விற்கலாமா என்று பார்க்க, திண்டிவனத்தில் ஒரு வீட்டில் சோதனைக்கு மாட்டியிருந்தோம். இருபத்தேழு வருடம் ஊரெல்லாம் கேபிள் இழுத்தவன் நான். ஒரு டப்பாவிடம் தோற்க மனசு வரவில்லை.

அந்த வீட்டுப் பெண் கவிதா மாடி அறையில் ஆன்லைன் கேம் ஆடுகிறவர். சென்னையில் ஒரு டீம் சம்பளத்துக்கு ஆள் எடுத்தது. இரண்டு ட்ரையல் மேட்சிலும் பாதியில் லைன் தொங்கிவிட்டது. ஞாயிறு காலை கடைசி மேட்ச். அதுவும் போனால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ரவுட்டர் ஹாலில் டிவி பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், பன்னிரண்டு மில்லிசெகண்டைத் தாண்டாது. இருந்தாலும் வைஃபை சேனலை மாற்றினேன், ரவுட்டருக்குள் ஓடும் ஃபர்ம்வேர் மென்பொருளைப் புதிதாக ஏற்றினேன். எதிர்வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு வைஃபையைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு அணைக்கச் சொன்னேன். அவர்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

நான் பஸ் ஏறியதும் கவிதாவின் போன் வரும். "சார், நீங்க போன உடனே பிங் எகிறிக்கினு போவுது. பேசாம இங்கயே தங்கிடுங்க சார்."

மூன்றாவது தடவை சனிக்கிழமை போனேன். எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பித் தெருமுனை வரை வந்தவன், லேப்டாப் சார்ஜரை விட்டுவிட்டதால் திரும்பினேன். கவிதாவின் அம்மா செல்வி, ரவுட்டரைத் துண்டில் சுற்றி, இரும்பு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒயர் போக பீரோவின் முதுகில் வட்டமாக ஓட்டை, அதற்கு ரப்பர் வாஷர் வேறு. வேலை சுத்தமாக இருந்தது; சிக்னல்தான் இரும்பைத் தாண்டத் திணறியிருக்கும்.

"இன்னாம்மா இது?"

"பீரோல இருந்தா இன்னா சார்? ஒயரே இல்லாம வேலை செய்யும்னு சொன்னீங்களே."

"அப்ப நான் வரும்போது மட்டும் எப்படி வெளியில இருந்தது?"

"வந்தவங்க எதிர்ல பீரோவத் தெறக்க முடியுமா? நகை கீது. அதான் நீங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்து வெளிய வெச்சிடுவேன்."

எனக்குக் கோபமாக வந்தது. "ஏம்மா இந்தப் பேஜாரு? வெளியவே இருக்கக்கூடாதா?"

"மொத நாளே நீங்கதான சொன்னீங்க, கம்பெனி சாமான், பத்திரமா பாத்துக்குங்கம்மான்னு. எங்க நகைக்குக்கூட நான் ரப்பர் போடல சார்."

கோபம் போய் வெட்கமாக இருந்தது. ஓட்டை போடும் அளவுக்கு என் பேச்சை நம்பிய வாடிக்கையாளர் அதற்கு முன் எனக்கு அமைந்ததில்லை.

ஞாயிறு காலை ரவுட்டர் ஹாலில் இருந்தது. செல்வி அதன் எதிரே நாற்காலி போட்டு, மேட்ச் முடியும்வரை எழுந்திருக்காமல் காவல் இருந்தார். லைன் ஒருமுறைகூடத் தொங்கவில்லை. கவிதாவை எடுத்துக்கொண்டார்கள். ரவுட்டர் அருமை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: சிக்னலை அளப்பதற்கு முன், நாம் அந்த வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்று யோசியுங்கள். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் "பத்திரம்" என்ற வார்த்தையை மட்டும் நான் இப்போது வாயில் எடுப்பதில்லை.