மூன்று துளைகளோடு நிறுத்திய கை

கண் விழித்ததும் போர்வைக்குள் கைவிட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தேன். ஐந்து துளை போடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று ஒட்டுகள்தான் இருந்தன. சுலபமாக முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

எடை குறைக்கும் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். அப்போது எனக்குச் சலரோகம் (இரத்தத்தில் சீனி கூடுவது) இருந்தது. நித்திரையில் மூச்சு நின்று நின்று வரும். காற்று ஊதும் முகமூடி மாட்டித்தான் படுப்பேன்.

செய்யவிருந்தது லப்பரோஸ்கோப்பி (சிறு துளைகளால் கமெராவும் கருவிகளும் விட்டுச் செய்வது). இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து, மீதியை ஒடுங்கிய குழாய்போல ஆக்குவார்கள். அதற்கு முன் இரண்டு கிழமைக்கு மாவும் இனிப்பும் கொழுப்பும் குறைத்த சாப்பாடு. தாளில் எழுதித் தந்திருந்தார்கள்.

முதல் கிழமை தாளின்படி நடந்தேன். பிறகு கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம் பிடித்தேன். குறைக்கத்தானே சொன்னார்கள், நான் சோற்றையே விட்டுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. ஏழாம் நாள் பாறணை (விரதம் முடித்துச் சாப்பிடுவது). மறுநாள் ஆஸ்பத்திரி.

நான் கண் விழித்த அன்று பின்னேரம் வைத்தியர் வந்தார். இங்கேயே பிறந்த என் மகள் அவர் பிரெஞ்சில் பேசியதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஒப்பரேசன் செய்யேல்லையாம்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்? ஒட்டு இருக்கு!"

"கமெராவை விட்டுப் பாத்தவராம். ஈரல் பெருத்து இரைப்பையை மூடிக்கொண்டு நிண்டதாம். தூக்கிப் பாக்க, ஓரத்திலை ரத்தம் கசிஞ்சதாம். அதோடை விட்டிட்டாராம். என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறார்."

"ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு சொல்லு. விரதம்."

"விரதமெண்டா? பாலும் பழமுமோ?"

"ஓம்."

"எத்தினை வாழைப்பழம்?"

உண்மையைச் சொன்னால் பட்டியலில் என் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று பயம். வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் அவசரப்படவில்லை.

"ஒரு நாளைக்கு நாலைஞ்சு. சீனி போட்ட பால் ரெண்டு கப். பாறணைக்குச் சர்க்கரைப் பொங்கல். சொல்லு" என்றேன்.

"பொங்கலுமோ!" என்று மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு ஒன்றும் விடாமல் சொன்னாள்.

அவர் கோபிக்கவில்லை. கமெரா எடுத்த படத்தைக் காட்டினார். மஞ்சள் படிந்த, பளபளக்கும் என் ஈரல். இனிப்பும் மாவும் உள்ளே போனால் அதில் கொழுப்பாகச் சேரும், நிறுத்தினால் விரைவில் சுருங்கும் என்றார். "இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தால் கிழிந்திருக்கும். சுருங்கட்டும், திரும்பச் செய்வோம்" என்றார்.

பெயரை வெட்டவில்லை. ஆனால் அன்று முழுக்க நான் நினைத்தது வேறு. ஒரு பெட்டி கத்தரிக்காயை இறக்கத் தொடங்கினால் பாதியில் வைக்க எனக்கு மனம் வராது. அவரோ, எல்லோரும் தயாராக நிற்க, நான் ஒன்றும் அறியாமல் கிடக்க, இது போதும் என்று கருவியை வெளியே எடுத்திருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து, தாளில் உள்ளதை மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போனேன். இந்தமுறை ஐந்து ஒட்டுகள். புதுப் படத்தில் ஈரல் கருஞ்சிவப்பாக, ஓரம் மெலிந்து இருந்தது. வெட்டிப் பொருத்திய இரைப்பைக்குள் நீல நிறத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்களாம். ஒரு சொட்டும் கசியவில்லை.

விரதம் பிடிப்பவர்கள் அதையும் உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்போது ஒரு இட்டலி சாப்பிட அரை மணித்தியாலம் எடுக்கும். முகமூடி அலுமாரிக்குள் கிடக்கிறது. ஐந்து தழும்புகளில் மூன்று மற்றவற்றைவிடத் தடிப்பு, இரண்டு தரம் திறந்தவை. குளிக்கும்போது நெஞ்சுக்குக் கீழே உள்ளதில் விரல் நிற்கும். ஒன்றும் வெட்டாமல் அவர் கருவியை வெளியே எடுத்த இடம் அது. எனக்குக் கிடைத்த இந்த வருடங்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தன.