கீழே வைக்காத காசு

எம்.ஆர்.ஐ. அறைக்குள் ஒருவரை அனுப்பும் முன் நான் வரிசையாகக் கேட்பவை: இதயத்தில் கருவி, எலும்பில் கம்பி, காதில் தோடு, கழுத்தில் சங்கிலி, இடுப்பில் தாயத்து. சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வருபவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் கஷ்டம். தாலியைக்கூடக் கழற்றித் தருவார்கள், தாயத்தை மறைப்பார்கள். இதில் இந்து, முஸ்லிம் என்ற வேறுபாட்டை நான் பார்த்ததில்லை.

அன்று என் அம்மாவிடம் அதே கேள்விகளைக் கேட்டேன். சில மாதங்களாக அவளுக்குத் தலைவலி. ஒரு காது மந்தமாகியிருந்தது. நடக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் படத்தில் எதைத் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பேனாவை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

எல்லாக் கேள்விக்கும் அம்மா, "இல்லீங்க மேடம்" என்றாள், என்னைக் கேலி செய்யும் குரலில்.

கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். மேசையை நெருங்கியபோது அவளுடைய ஸ்கேன் உடையின் இடுப்புப் பக்கம் தானாக எழும்பியது. துணிக்குள் ஏதோ ஒன்று எந்திரத்தை நோக்கித் தலை தூக்கியது போலிருந்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. இரண்டு கைகளாலும் அவளைக் கட்டிப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, வெளியே கொண்டுவந்து கதவைச் சாத்தினேன்.

உடையின் நாடாவில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. உள்ளே ஒரு ரூபாய் நாணயம். குலதெய்வத்துக்கு முடிந்து வைத்த காசு. வேண்டுதல் நிறைவேறும்வரை அந்த முடிச்சை அவிழ்க்கக் கூடாது. காசு வெளியே பெட்டியில் இருக்கட்டும் என்று நான் முன்பே சொல்லியிருந்தால் கேட்டிருப்பாளா, தெரியாது.

"சாமி எந்திரிச்சு நிக்குது. போக வேண்டாங்குது. நா ஊட்டுக்குப் போறேன்" என்றாள்.

அது எஃகு நாணயம், உள்ளே இருப்பது காந்தம், அந்தக் காந்தத்தை அணைக்க முடியாது, காசு பறந்து கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி. காந்தத்துக்குள்ள இருந்து இழுக்கறது யாரு?" என்று கேட்டாள்.

கணினி முன்னால் இருந்த அக்கா சிரித்துவிட்டாள். கூடப்பிறந்தவள் இல்லை, என்னோடு வேலை செய்பவள், ஐந்து வேளையும் தொழுகிறவள். சாப்பாட்டு வேளைகளில் நாங்கள் இருவரும் கடவுளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இறைவனுக்கு உருவமில்லை, இணையில்லை, அவனுக்கு இணைவைப்பதைவிடப் பெரிய பாவம் இல்லை என்பாள் அவள். கல்லையே கடவுள் என்று நாங்கள் நினைப்பதில்லை, அதில் வந்து இருக்கும்படி அழைக்கிறோம் என்பேன் நான். சங்ககிரிப் பக்கம் வேப்பமரத்தடியில் நிற்கும் எங்கள் குலதெய்வக் கல்லைக் கைபேசியில் காட்டியபோது, "முகமே இல்லையே, இதுல எதை உருவம்னு சொல்ற?" என்று கேட்டிருக்கிறாள். அப்போது அது வெறும் பேச்சு. இப்போதோ அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளை விட்டுவிட்டால் மறுபடி அழைத்து வர முடியாது.

முடிச்சை அவிழ்க்க வேண்டாம், அப்படியே என்னிடம் கொடு என்று கை நீட்டினேன். அம்மா தாழ்ந்த குரலில், "நீ தூரமா இருக்கற. உங்கையில எப்படிக் குடுக்கறது?" என்றாள்.

உண்மைதான். மாதவிலக்கின் இரண்டாம் நாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அக்கா எழுந்து வந்தாள். "நான் வெச்சிருக்கட்டுங்களாம்மா? ஆனா எங்கள்ல இதைக் கும்பிடறது இல்லீங்க. முன்னாடியே சொல்லிட்டேன்."

"நீ கும்புட வேண்டாஞ் சாமி. கீழ வெக்காம இருந்தாப் போதும்."

வாங்கினால் இணைவைத்ததாகிவிடுமோ என்று அக்காவுக்கும் ஒரு பயம் இருந்தது, எனக்கு அது தெரிந்தது. பிறகு வலது கையை நீட்டினாள். "சாமின்னு வாங்கலைங்கம்மா. அமானிதம்னு வாங்கறேன். ஒருத்தர் நம்பிக் குடுத்த பொருளைக் காப்பாத்தறது எங்களுக்குக் கடமைங்க."

அம்மா நாடாவிலிருந்து முடிச்சைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

அக்கா காசை இடது கைக்கு மாற்றி மூடிக்கொண்டு, வலது கையால் மட்டும் கணினியை இயக்கினாள். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மந்தமான காதின் பக்கத்தில், இருக்கக் கூடாத இடத்தில், வெள்ளையாக உருண்டையாக ஒன்று தெரிந்தது. மூடியிருந்த அக்காவின் விரல்கள் இன்னும் இறுகின.

கட்டிதான், எடுத்துவிடலாம், ஆனால் தாமதிக்கக் கூடாது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சையன்று காலையில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ளைய வரச் சொல்லு." அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மாவிடம் முடிச்சை வாங்கிக்கொண்டு, அறுவை அரங்கின் மூடிய கதவுக்கு எதிரே என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மதியத் தொழுகைக்கு நேரமானது. அவள் எழுந்து, நான் சுத்தமா என்று கண்ணாலேயே கேட்டாள். தலையசைத்தேன். "கீழ வெச்சிடாத" என்று முடிச்சை என் கையில் வைத்துவிட்டு, கைகால் கழுவப் போனாள். வராந்தாவின் கோடியில் ஒரு துணியை விரித்து, வெற்றுச் சுவரைப் பார்த்து நின்றாள். அவளுக்கு முன்னால் ஒன்றும் இல்லை. என் கையில் ஒரு ரூபாய் இருந்தது. இரண்டில் எதைப் பார்த்து வேண்டுவது என்று தெரியாமல், வேண்டத் தெரியாத பயத்தோடு, அதை மூடிப் பிடித்துக்கொண்டேன். வேர்வையில் துணியின் மஞ்சள் உள்ளங்கையெல்லாம் ஒட்டியது.

கதவு திறந்தபோது அக்கா திரும்பி வந்திருந்தாள். அம்மா கண் விழித்துவிட்டார், பேசுகிறார் என்று செவிலி சொன்னதும் முதலில் எழுந்தவள் அவள்தான். என்னால் எழ முடியவில்லை. எழுந்தால் கை தளர்ந்து காசு கீழே விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.