இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு லெட்டர்

போன மாதம், ஒரு மழைச் சாயங்காலம். போடிநாயக்கனூரிலிருந்து என் மச்சினி அமுதாவின் லெட்டர் மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது — ஓரமெல்லாம் நனைந்து.

அமுதா அங்கே பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, கடைசி வருஷம். 'குரங்கணிப் பக்கம் காபித் தோட்டம் உள்ள இடம். மாப்பிள்ளை நல்லவர். புதன்கிழமை பூ வைக்கிறார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம்' என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: 'அக்கா, இதைச் சூட்டோடு சூடாகப் படி.'

என் மனைவி சாந்தி உடனே படித்தாள். சந்தோஷமாகத் தோசை சுடப் போய்விட்டாள்.

நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஈரம் போகட்டுமே என்று லெட்டர் மேலேயும் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தேன். வரிகளுக்கு நடுவே... நீல எழுத்துகள்!

'மேலே இருப்பது அப்பா சொல்லி எழுதினது. எனக்குக் கல்யாணம் வேண்டாம். எம்.எஸ்ஸி. படிக்கணும். எப்படியாவது நிறுத்து.'

"சாந்தி! ஓடி வா!"

அவள் தோசையை எடுத்துவிட்டு வருவதற்குள், எழுத்து மங்கி மங்கி... காணோம்.

"என்னங்க, கண் டாக்டரைப் பாருங்க" என்றாள்.

எனக்கே சந்தேகம். நான் படித்தேனா, கற்பனை செய்தேனா? மறுபடி பெட்டியை வைத்தேன். மறுபடி நீலம். இந்த முறை சாந்தி படித்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை போடி பஸ். மாமனார் ஏலக்காய் வியாபாரி. லெட்டரை வாங்கிப் பார்த்தார்.

"சந்தோஷம்னுதானே மாப்ளே எழுதியிருக்கு?"

லெட்டரை அவர் வீட்டு அடுப்பிலேயே காட்டினேன். படித்தார். ஆறவிட்டார். மறைந்தது. தானே வாங்கி அடுப்பில் காட்டினார். வந்தது. முகம் வெளிறிவிட்டது.

"ஏத்தா... என்ன வேல இது?"

அமுதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோபால்ட் குளோரைடுப்பா. தண்ணியக் கூடச் சேத்துக்கிட்டு இருந்தா ரோஸ். கரைச்சு லேசா எழுதினா தெரியாது. சூடு காட்டினா தண்ணி போயிரும், நீலமாயிரும். ஆறினா காத்து ஈரத்த இழுத்துக்கிட்டுத் திரும்ப ரோஸ்."

ஒரே பொருள், ஒரே பெயர். ஆறு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்தால் ரோஸ், ரெண்டானால் ஊதா, ஒன்றுமே இல்லாவிட்டால் நீலமாம். இதில் எதுதான் அதன் சொந்த நிறம்? எனக்கு இன்றுவரை குழப்பம்.

மாமனாருக்கு இல்லை. ஈரம் போவதும் ஏறுவதும் ஏலக்காய்க்காரருக்குத் தெரியாதா?

"எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவ சொன்னேம்ப்பா."

மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு, குரங்கணி ஜீப்பில் ஏறிப் போனார் — பூ வைக்க வேண்டாம் என்று அவர்களிடம் தானே சொல்ல.

எல்லாம் சுபம். ஆனால் எங்கள் நிச்சயத்துக்குப் பிறகு, அதே வீட்டிலிருந்து சாந்தி எனக்கு எழுதிய ரெண்டு லெட்டர் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ரெண்டிலும் 'ரொம்ப சந்தோஷம்' என்றுதான் இருக்கிறது...

சூடு காட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை!